நின்றால் சூடாகும் கார்

ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுப் பதிவு. இந்த வாரம் ராஜாவும் கிடையாது, போரும் கிடையாது. காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஃபேன்தான் பாடம். கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "ரோட்டில் போகும்போது ஒன்றும் இல்லை. டிராஃபிக்கில் நின்றால் மட்டும் சூடு முள் மேலே ஏறுது. ஏன்?" ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். வாட்டர் பம்ப் என்றார் ஒருவர். கேஸ்கெட் என்றார் இன்னொருவர். காரையே விற்றுவிடு என்றும் ஒரு யோசனை வந்தது! ஓடும்போது ஆறி, நின்றால் மட்டும் சூடாகிற காரில் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனை. ஏன் அப்படி என்பது அந்த ஃபேன் காருக்குள் எதற்காக வந்தது என்று தெரிந்தால் தானே விளங்கும்.

நாம் ஊற்றுகிற பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்கு ஆகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் பாதி சைலென்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மறு பாதியை வெளியேற்றாவிட்டால் இன்ஜின் தன்னைத்தானே சமைத்துக்கொள்ளும். முதல் கார் செய்தவர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது.

ஜெர்மனியில் காரல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரும் இல்லை, ஃபேனும் இல்லை. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அது கொதிக்கும், ஆவியாகிப் போகும். போன தண்ணீரை மறுபடி ஊற்ற வேண்டும். இட்லிக் குண்டானில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது போலத்தான். 1888 ஆகஸ்ட் மாதம் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் ஊரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் இருந்த தன் தாய் வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான் என்று சொல்வார்கள். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், பெட்ரோலுக்குப் பதிலாக மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார் என்பதெல்லாம் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, வழியெல்லாம் அவர் தண்ணீர் தேடிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஓடை, விடுதி, எங்கே கிடைத்தாலும் நிறுத்தி ஊற்றினார்கள். புருஷனிடம் சொல்லாமல் தாய் வீட்டுக்குக் கிளம்பிய அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், எழுதுவேன்.

வண்டிகளின் பலம் கூடக்கூட இந்த ஆவி முறை தாங்கவில்லை. நீளமான குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு ஆறவைத்துப் பார்த்தார்கள். அதிலும் நிறையத் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. 1900-ல் டைம்லர் கம்பெனியின் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் செய்த வேலைதான் இன்றைய ரேடியேட்டருக்கு அடிப்படை. 35 குதிரைத் திறன் கொண்ட ஒரு புதிய வண்டி. எமில் யெலினெக் என்ற வியாபாரி கேட்டு வாங்கிய அந்த வண்டிக்கு அவருடைய மகளின் பெயர் வைக்கப்பட்டது. மெர்சிடிஸ் என்ற பெயர் அந்தக் குழந்தையுடையது.

அந்த வண்டியின் முகத்தில் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரக் குழாய்கள், மொத்தம் 8070, ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. குழாய்களுக்கு உள்ளே காற்று போகும், குழாய்களுக்கு இடையிலுள்ள சந்தில் தண்ணீர் போகும். முன்பு 18 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமானதாயிற்று.

ஆனால் மேபாக் இதோடு நிற்கவில்லை. வண்டி வேகமாகப் போனால் காற்று தானே வந்து குழாய்களுக்குள் புகும். மெதுவாகப் போனால்? நின்றால்? அதற்காக ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சிறிய ஃபேனை வைத்து, இன்ஜினின் சுழற்சியாலேயே அதைச் சுற்றவைத்தார். பிள்ளைகளே, இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற காருக்குக் காற்று இலவசம். ஃபேன் பிறந்தது நிற்கிற காருக்காகவும் ஊர்ந்து போகிற காருக்காகவும். குடும்பக் குழுவில் வந்த கேள்விக்கான விடை நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து தள்ளிய மாடல் டி காரில், முதல் ஓரிரு ஆயிரம் வண்டிகளைத் தவிர, வாட்டர் பம்ப்கூடக் கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறியது கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே தண்ணீர் சுற்றியது. ஃபேனை மட்டும் ஒரு பெல்ட் சுற்றியது. அந்தக் காலத்தில் ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வட்டத் தெர்மாமீட்டர் பொருத்திக்கொள்வார்கள். பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று பெயர். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். சிவப்பு ஏறினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டியவர்களுக்கு நோய் எங்கே என்று பாதி புரிந்துவிடும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அம்பாசிடரின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த நினைவு இருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை செய்தார்கள். இன்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் முன்பக்கத்தில் ஒரே ஒரு பெல்ட். அந்த ஒரு பெல்ட்தான் வாட்டர் பம்பையும், அதே அச்சில் உள்ள ஃபேனையும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றும். பெல்ட் அறுந்தால் மூன்றும் ஒன்றாக நிற்கும். உடனே டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரியும். ஆக, ஃபேன் நின்றுவிட்டது என்று சொல்ல ஒரு விளக்கு தானாகவே அமைந்துவிட்டது. இன்ஜின் ஓடினால் ஃபேன் சுற்றும். இரண்டையும் பிரிக்க முடியாது.

அதில் ஒரு கோளாறும் இருந்தது. கார் நிற்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைந்த காற்று. நெடுஞ்சாலையில் தலைகீழ். காற்று தானே முகத்தில் அடிக்கும்போது ஃபேனும் ஊளையிட்டுக்கொண்டு முழு வேகத்தில் சுற்றி இன்ஜினின் பலத்தைத் தின்னும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பழைய டிரைவர் அண்ணன்கள் நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்களே, நினைவிருக்கிறதா? சும்மா சத்தம் காட்டுவதற்காக இல்லை, ஃபேனை வேகமாகச் சுற்றவைக்க. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டிகளில் தண்ணீர் கேன் இல்லாத வண்டியை நான் பார்த்ததில்லை. வழியில் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, மூடியைத் திறக்கப் பயந்து, ஈரத் துணியோடு காத்திருக்கும் ஆட்களும் எப்போதும் இருப்பார்கள். அந்தப் பயம் நல்ல பயம். மூடிக்கு உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், பீறிட்டு முகத்தில் அடிக்கும். இன்றைய காரிலும் அப்படியே. சூட்டில் திறக்காதீர்கள்.

இனி பெல்ட் எப்படிப் போனது என்று பார்ப்போம். 1956-ல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் இங்கிலாந்தில் மிகச் சிறிய கார் ஒன்று வேண்டும் என்று முடிவானது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959-ல் மினி வந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க அவர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்படி வைத்தவுடன் பெல்ட் இருக்கும் பக்கம் காரின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தது. ஃபேன் அங்கே சுற்றினால் முன்பக்கம் உள்ள ரேடியேட்டருக்கு என்ன பயன்? அவர் ரேடியேட்டரையே கொண்டுபோய்ப் பக்கவாட்டில், இடது சக்கரத்தை ஒட்டி வைத்துவிட்டார். புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் ரேடியேட்டருக்கு முகக் காற்று நேராகக் கிடைக்காது.

இதற்கு வேறு விடை கண்டவர் இத்தாலியின் ஃபியட் கம்பெனி பொறியாளர் தாந்தே ஜியாகோசா. 1969-ல் வந்த ஃபியட் 128-லும் இன்ஜின் குறுக்காகத்தான். ரேடியேட்டர் மட்டும் பழையபடி முன்பக்கமே இருந்தது. அதன் ஃபேனைச் சுற்றியது ஒரு மின்சார மோட்டார். தண்ணீர் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால் சுவிட்ச் தானே போட்டுக்கொள்ளும், ஆறினால் அணைத்துக்கொள்ளும். இன்ஜினோடு ஃபேனுக்கு இருந்த பந்தம் அறுந்தது. நின்றாலும் முழு வேகத்தில் சுற்றலாம், தேவையில்லாதபோது தூங்கலாம். சிறிய கார் உலகம் மெல்ல மெல்ல இந்த அமைப்புக்கு மாறியது.

நமக்கு அது வீடு வீடாக வந்து சேர்ந்தது மாருதி 800 வழியாக. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்காக வைத்த இன்ஜின், மின்சார ஃபேன். அம்பாசிடரிலேயே பழகிய கைகளுக்கு இது விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு மூத்த டிரைவர் புதிய மாருதியின் பானெட்டைத் திறந்து பார்த்து, இன்ஜின் ஓடுகிறதே, ஃபேன் ஏன் நிற்கிறது என்று பதறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் பதறிக்கொண்டிருக்கும்போதே அது தானாகச் சுற்றத் தொடங்கியது. கூட்டமே இரண்டடி பின்வாங்கியது!

சிரித்தோம். ஆனால் அவருடைய சந்தேகத்தில் ஒரு நியாயம் இருந்தது. தூங்கும் ஃபேனும் செத்த ஃபேனும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பெல்ட் காலத்தில் ஃபேன் நின்றால் சார்ஜ் விளக்கு சொன்னது. மின்சார ஃபேன் செத்தால் ஒன்றும் சொல்லாது. கார் ஓடிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் சரியாகவே இருக்கும். கோடை மதியம், ஏசி போட்டு, ஒரு நெரிசலில் மாட்டும் நாளில்தான் தெரியும். பழைய இன்ஜினின் தலை வார்ப்பிரும்பு, கொஞ்சம் தாங்கும். இன்றையது அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். சில நூறு ரூபாய் பொருள் கெட்டுப்போய் பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் கொண்டுபோய் விடுவது இப்படித்தான்.

மின்சார ஃபேனில் கோளாறு தேடுவதை என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான் சொல்வேன். கடிகாரம் நேரம் காட்டும். தலைமை ஆசிரியர் பார்த்து உத்தரவு கொடுப்பார். அலுவலக உதவியாளர் எழுந்து போவார். மணி ஒலிக்கும். மணி ஒலிக்கவில்லை என்றால் நான்கில் யாரிடம் தவறு? காரில் கடிகாரம் என்பது தண்ணீரின் சூட்டை அறியும் சென்சார். தலைமை ஆசிரியர் கம்ப்யூட்டர், பழைய வண்டியில் வெறும் சுவிட்ச். உதவியாளர் ரிலே. மணி என்பது மோட்டார். எடுத்த எடுப்பில் புது மணி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் கேட்ட கேள்வி என் அண்ணன் மகனுடைய காரைப் பற்றியது. பத்து வருஷத்து சின்ன கார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறான். ஏசி போட்டுப் பார்த்தார்கள், ஃபேன் சுற்றியது, ஆகவே ஃபேன் சரி, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏசி போட்டால் ஃபேனும் சுற்ற வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் உண்மை, நல்ல சோதனையும்கூட. ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டினால் போதுமா?

"அத்தை, ரெண்டு நாளில் இன்ஜினை இறக்கச் சொல்றாங்க" என்று போன் செய்தான். நான் 1990களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளையின் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், மதிக்கிறேன். அவன் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டான். நான்கு வழிச் சாலையில் சூடு ஏறுதா? இல்லை. தண்ணி குறையுதா? இல்லை. காலையில் வெள்ளைப் புகை வருதா, ஆயில் பால் மாதிரி ஆகியிருக்கா? இல்லை. அடுத்து ஒன்று கேட்டான், அதுதான் எனக்குப் பிடித்தது. "சிக்னல்ல நிக்கும்போது ஏசி காத்து வெதுவெதுன்னு ஆகி, வண்டி கிளம்பினதும் குளிருதா?" அண்ணன் மகன் வாயைப் பிளந்தான். ஆமாம், இரண்டு மாதமாக அப்படித்தான், கேஸ் குறைவு என்று நினைத்திருந்தானாம். ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, அதற்கும் அதே ஃபேன்தான் காற்று. நின்றால் இரண்டும் வேகும்.

"கேஸ்கெட் போயிருந்தா ரோட்டுலயும் கொதிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, இன்ஜினைப் போட்டுவிட்டு நிதானமாகக் காத்திருந்தான். இருபது நிமிஷம் இருக்கும். முள் ஏறியது. ஃபேன் அசையவில்லை. மோட்டாருக்கு வரும் ஒயர் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தான். விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது என்றால் சென்சார், கம்ப்யூட்டர், ஃபியூஸ், ரிலே அத்தனை பேரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். எர்த் ஒயரையும் பார்த்தான், சரி. மிச்சம் இருப்பது மோட்டார் மட்டும். கனெக்டரை மறுபடி மாட்டி, ஒரு நீளமான மரக் குச்சியால், இறக்கைக்குத் தள்ளி நின்று, மோட்டாரின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். சுற்றியது! உள்ளே கார்பன் தேய்ந்து போயிருந்தது. சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தபோது தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் மாற்றியாயிற்று. இன்ஜினைப் பிரிக்கவில்லை.

விளக்கு எரியாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். ஃபியூஸைப் பார்ப்பானாம், பிறகு அதே பெட்டியில் அதே மாதிரி இருக்கும் ஹாரன் ரிலேயை ஃபேன் ரிலேயின் இடத்தில் மாற்றிப் போட்டுப் பார்ப்பானாம். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாவிட்டால் சென்சார் பக்கம் போவானாம். கூலண்ட் குறைந்து சென்சார் தண்ணீரில் நனையாமல் இருந்தாலும் அதற்குச் சூடு தெரியாதாம். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் திணறிய பிள்ளை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஃபேனை டைரக்ட் கொடுத்துட்டேன்" என்று நம் ஊர் ஷெட்களில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். சென்சார், ரிலே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சாவி போட்டாலே ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒயர் இழுத்துவிடுவது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர இதைச் செய்யலாம், நான் குறை சொல்ல மாட்டேன். நிரந்தரமாக விட்டால் மோட்டாரின் கார்பன் இரட்டிப்பாகத் தேயும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். கூடவே தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் போட்டிருந்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, மைலேஜ் விழும். 1969-ல் ஃபேனுக்குக் கொடுத்த தூக்கத்தை ஒரு துண்டு ஒயரால் பறிப்பது எனக்குச் சம்மதமில்லை. அதேபோல, மின்சார ஃபேன் உள்ள காரில் ரயில்வே கேட்டில் நின்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதனால் அந்த ஃபேன் ஒரு சுற்றுகூட வேகமாகச் சுற்றாது.

மோட்டோமீட்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே. அந்தத் தெர்மாமீட்டர் மூடியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து முள் ஆயிற்று. இப்போது பல புதிய கார்களில் முள்ளும் போய்விட்டது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிதமிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றும் இல்லை. என் அண்ணன் மகனின் காரில் முள் இருந்ததால்தான் நின்றால் ஏறுது, ஓடினால் இறங்குது என்று அவனால் சொல்ல முடிந்தது. விளக்கு மட்டும் இருக்கும் காரில் அந்தச் செய்தி கிடைக்காது. சிவப்பு எரிந்த பிறகு ஓரமாக நிறுத்த வேண்டியதுதான். இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் சிக்னலில் ஏசி வெதுவெதுப்பாகிறதா என்பதையாவது கவனியுங்கள்.

சென்ற வாரப் பதிவின் கீழே ஒரு பிள்ளை கேட்டிருந்த கேள்விக்கும் இங்கேயே பதில். காரை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சில நிமிஷம் சுற்றுகிறதே, ரிப்பேரா என்று. இல்லை கண்ணு. அணைத்தவுடன் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால் இன்ஜினின் சூடு கொஞ்ச நேரம் ஏறும், அதற்காகச் சில கார்களில் அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி காரிலும் ரேடியேட்டரும் ஃபேனும் உண்டு. வேகமாகச் சார்ஜ் ஏறும்போது, ஆளில்லாமல் நிற்கிற காரில், அது சுற்றுவதைக் கேட்கலாம். ஆகையால் இன்ஜின் ஓடவில்லை என்று நம்பி ஃபேனுக்குள் கை விடாதீர்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு போட்டவர்கள் பானெட் பக்கமே அதை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போக வேண்டும்.